கொழுகொழுப் பிள்ளைகள் தேவை

எடைத்தட்டில் என் மகளைப் படுக்கவைத்ததும் நர்சம்மா 'உச்' கொட்டினார். போன மாதம் முள் எங்கே நின்றதோ அங்கேயேதான் இந்த மாதமும் நின்றது. அவள் பிறந்து ஒன்பதாவது மாதம் நடக்கிறது. ஆறு மாதக் குழந்தையின் சட்டை இன்னும் அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது.

"பால் பவுடர்ல தண்ணிய ஜாஸ்தியா ஊத்துறியாம்மா?" என்று நர்சம்மா கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. வேலை செய்கிற இடத்தில் என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை.

"நான் திங்கற சோத்துல வேணா தண்ணி ஊத்திக்குவேன், என் பிள்ள பால்ல ஊத்தமாட்டேன். டப்பாவுல என்ன அளவு போட்டிருக்கோ அந்த அளவு கரண்டிய தலைதட்டிப் போடறேன்."

"கோவப்படாத. வர்றவங்க முக்கால்வாசிப் பேரு ஊத்தத்தான் செய்யறாங்க. டப்பா சீக்கிரம் தீந்துடுமேன்னு ஊத்தறாங்க. கேட்டா இல்லேன்னு சொல்றாங்க."

"நான் அந்த மிச்சம் கால்வாசி."

நர்சம்மா சிரிக்கவில்லை. என் மகளின் தொடையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளுவதற்குத் தோல்தான் வந்தது. "அடுத்த மாசமும் முள்ளு ஏறலேன்னா பெரிய ஆஸ்பத்திரில சேக்கச் சொல்லிடுவேன். அங்க நீ கூடவே இருக்கணும். வேல வேலன்னு ஓட முடியாது" என்றார். பிறகு எனக்காக இல்லாமல் தனக்காகவே கேட்டதுபோல முணுமுணுத்தார். "அப்ப நீ குடுக்கற பால் எங்கதான் போகுது?"

அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் நடந்து வந்தது.

எங்கள் தெருவின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் தொட்டில் அக்கா இருக்கிறாள். அறையின் குறுக்கே போட்ட இரும்புக் குழாயில் பழைய போர்வைகளைத் தொட்டிலாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். அதனால் வந்த பெயர். எங்கள் தையல் தொழிற்சாலையில் இஸ்திரி மேசையில் நின்றவள்தான். கை வெந்துபோனதும் போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் நாங்கள் பிள்ளையையும் புட்டிகளையும் அவள் கையில் திணித்துவிட்டு ஓடுவோம். ஓடுவோம் என்றால் நிஜமாகவே ஓட்டம்தான். மணி அடித்த பிறகு உள்ளே போனால் அரை நாள் போச்சு.

எனக்குப் பால் ஊறாமல் இல்லை. மகள் பிறந்து மூன்றாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். காலையிலிருந்து மாலை வரை மார்பு கல்லாகக் கனக்கும். சட்டை நனையும். நான் காலர் தைக்கிறவள். தைக்கிற துணியில் ஈரக் கறை பட்டுவிட்டால் சூப்பர்வைசர் ஆட ஆரம்பித்துவிடுவார். குடிக்க வாய் இல்லாத பால் எத்தனை நாளைக்குத்தான் ஊறும்? ஒரு நாள் நின்றே போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த டப்பா. டப்பா வாங்குவதற்காக மூட்டை தூக்குகிற என் வீட்டுக்காரர் பீடியை விட்டார், நான் பஸ்ஸை விட்டு நடந்தேன். அப்படி வாங்குகிற பால் என் மகள் உடம்பில் ஒட்டவில்லை என்றால் வேறு எவர் உடம்பிலோ ஒட்டுகிறது என்றுதானே அர்த்தம்? தொட்டில் அக்கா திருடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன்.

"உனக்கு வயித்துவலியா? ஊருக்கே வயித்துவலி குடுக்கறவளாச்சே நீ" என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

தொட்டில் அக்காவின் கதவு ஒருக்களித்திருந்தது. சத்தம் போடாமல் போய் நின்றேன். தரையின் நடுவில் ஒரு குண்டான் இருந்தது. அதைச் சுற்றிப் புட்டிகள். அக்கா ஒவ்வொரு புட்டியாக மூடியைத் திருகித் திறந்து குண்டானில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் மகளுடைய புட்டி எனக்குத் தெரியாதா? அதிலிருந்து வெள்ளை வெளேரென்று கெட்டியாக விழுந்தது. அடுத்த புட்டியிலிருந்து விழுந்தது பால் கழுவின தண்ணீர். அதற்கடுத்தது சோறு வடித்த தண்ணீர். இன்னொன்றில் ஒன்றும் கலக்காத வெறும் சர்க்கரைத் தண்ணீர். எல்லாவற்றையும் கரண்டியால் கலக்கிவிட்டு மறுபடியும் புட்டிகளில் ஊற்றினாள். ஒவ்வொரு புட்டியையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! என் பிள்ள பாலு!"

அக்கா ஊற்றுவதை நிறுத்தவில்லை. "கத்தாத. தூங்கறதுங்க எந்திரிச்சிடும். எந்திரிச்சா பசிக்கும்" என்றாள்.

"எத்தன நாளா இது நடக்குது?"

"நான் பிள்ள பாக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து. உன் பிள்ள வந்தப்புறந்தான் குண்டான்ல கொஞ்சம் வெள்ள நெறம் தெரியுது."

"யாரைக் கேட்டு ஊத்தின?"

"கேட்டா குடுப்பியா?"

"குடுக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

  அக்கா புட்டி மூடியைத் திருகிக்கொண்டே பேசினாள். "உனக்கு ஒரு பிள்ள. எனக்கு இந்த ரூம்பு பூரா பிள்ள. ஒண்ணு வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்கும், பக்கத்துல இருக்கறது சர்க்கரத் தண்ணிய சப்பிக்கிட்டே அது வாயைப் பாக்கும். நீ ஒரு நாள் இங்க உக்காந்து பாரு. அப்புறம் வந்து என்னப் பாவின்னு சொல்லு."

"என் பிள்ள எடை ஏறலேன்னு அங்க நர்சம்மா என்னைக் காறித் துப்பாத குறை! ஊர்ப் பிள்ளைங்க வயித்த ரொப்பறதுக்கா நான் காலர் தெச்சு சாகறேன்?"

"எதுவும் ரொம்பல. உன் பிள்ளைக்கும் ரொம்பல, அதுங்களுக்கும் ரொம்பல. எல்லாத்துக்கும் சரிபாதிப் பசி. அவ்ளோதான் என்னால முடிஞ்சது."

சாயங்காலத்துக்கு வைத்திருந்த என் மகளின் இன்னொரு புட்டி திறக்காமல் இருந்தது. அதைப் பிடுங்கினேன். தொட்டிலிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் வாயில் வைத்தேன். வேண்டுமென்றே எல்லோர் எதிரிலும் வைத்தேன். மடக் மடக் என்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

சுவரைப் பிடித்து நடந்து ஒருத்தி வந்தாள். குருவி என்று கூப்பிடுவார்கள். தெரு கூட்டுகிறவளின் மகள். இரண்டு வயது முடிந்துவிட்டது. பார்த்தால் ஒரு வயது என்பீர்கள். என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். கேட்கவில்லை, அழவில்லை, திறந்துகொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் என் மகளுக்கே கொடுத்தேன். வெட்கப்பட்டேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பெற்றவள் நான், அது என் பால். புட்டி காலியானதும் குருவி வாயை மூடிக்கொண்டாள். என் முழங்காலில் சொட்டியிருந்த பாலை விரலால் தொட்டு நக்கினாள்.

அத்தனை கோபத்தோடு வந்தவள், அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குப் போனேன். அக்காவைத் திட்டலாம் என்றால் அவள் வாயில் ஒரு சொட்டும் போகவில்லை. தெரு கூட்டுகிறவளைத் திட்டலாமா? எதற்கு? மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் மகளையும் புட்டிகளையும் அதே வாசலுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"என் பிள்ளைக்கு முழுசாக் குடுத்துட்டு, மிச்சம் இருந்தா ஊத்து" என்றேன்.

"மிச்சம் எங்கேருந்துடி வரும்?" என்றாள் அக்கா.

அன்றைக்கு இடைவேளையில் கழிப்பறைக்குப் போனேன். உள்ளே பட்டன்காரி நின்றுகொண்டிருந்தாள். சட்டைக்குப் பட்டன் தைக்கிற சின்னப் பெண். தலைப்பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மார்பைப் பிழிந்து பாலைச் சாக்கடைத் துளைக்குள் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவசரமாக மூடிக்கொண்டாள்.

"வலிக்குதுக்கா. பால் கட்டிக்கிட்டா சொரம் வருது."

"தொட்டில் அக்காகிட்ட உன் பிள்ளைக்குப் புட்டியில என்ன குடுத்துவிடற?"

தலையைக் குனிந்துகொண்டாள். "சர்க்கரத் தண்ணி. டப்பா வாங்க இன்னும் சம்பளம் வரலக்கா."

அங்கேயே எனக்குத் திரி பற்றிக்கொண்டது. அவள் பால் சாக்கடைக்குப் போகிறது. அவள் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர். அந்தப் பிள்ளைக்காக என் மகளின் பால் குண்டானுக்குப் போகிறது. நடுவில் நானும் தொட்டில் அக்காவும் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போடுகிறோம். இந்தக் கூத்தை நடத்துகிறவன் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறான்.

எங்கள் தொழிற்சாலையில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது. கதவில் முயல் படம் வரைந்து 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதற்குள் குழந்தை எதுவும் போய்ப் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டிதான் போகும், அட்டைப்பெட்டிதான் வரும். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வருகிற அன்று மட்டும் பெட்டியெல்லாம் வெளியே போய்விடும், பாய் விரித்துப் பொம்மை பரப்புவார்கள். அவர்கள் கார் வாசலைத் தாண்டுவதற்குள் பெட்டிகள் மறுபடி குடியேறிவிடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நானும் அந்த முயலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவள்தான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே சூப்பர்வைசர், வரிசையாக உட்கார்ந்து காலர் தைக்கிற எங்கள் லைனுக்கு வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் குரலைத் தாழ்த்தினாலே ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"நாளன்னிக்கு பையர், அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க வராங்க. இந்தவாட்டி காப்பகத்துல குழந்தைங்க இருக்கறத பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. பிள்ளை இருக்கறவங்க கூட்டிட்டு வாங்க. ஒரு நாளைக்குத்தான். ரெண்டு மூணு போதும். ஆனா பாக்கறதுக்குக் கொழுகொழுன்னு இருக்கணும். மூக்கு ஒழுகறது, எலும்பு தெரியறது எல்லாம் வேணாம். பாலு, பிஸ்கட்டு நாங்க குடுத்துடறோம்."

 எங்களில் யாருக்கும் கொழுகொழுவென்று பிள்ளை இல்லை.

"நான் ஏற்பாடு பண்றேன் சார்" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கும் ஒரு நாள் நல்ல புத்தி வரும்னு எனக்குத் தெரியும்."

சாயங்காலம் தொட்டில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவளும் வர வேண்டும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் வேல போயிடும்டி."

"போனா போகட்டும்னு சினிமா வசனமெல்லாம் பேச மாட்டேன். போகக் கூடாது. போச்சுன்னா டப்பாவும் போச்சு. அதனாலதான் எல்லாரையும் கூட்டிட்டுப் போறோம். ஒருத்தின்னா வெளிய தள்ளுவான். லைன் பூராவையும் தள்ளிட்டு அவனா வந்து காலர் தெப்பான்?"

"குருவியையுமா? அவ அம்மா நம்ம தொழிற்சாலையே இல்லையே."

"குருவியத்தான் மொதல்ல" என்றேன்.

அன்றைக்குக் காலையில் வாசலில் நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து சூப்பர்வைசருக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒன்று. அக்காவின் இரண்டு தோளிலும் இரண்டு. எல்லாப் பிள்ளைக்கும் தலை வாரி, துவைத்த சட்டை போட்டுவிட்டிருந்தோம். துவைத்த சட்டைக்குள்ளிருந்து குச்சியாகக் கைகால் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இது? நான் என்ன சொன்னேன், நீ என்ன கூட்டிட்டு வந்திருக்க?"

"நீங்க குழந்தைங்க கேட்டீங்க. எங்ககிட்ட இருக்கறது இதான் சார். கொழுகொழுன்னு வேணும்னா மேனேஜர் வீட்டுலதான் கேக்கணும்."

பின்னாலிருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்த வண்டி. எங்களைத் திருப்பி அனுப்ப நேரமில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, வாய மூடிட்டு உக்காருங்க" என்று சூப்பர்வைசர் எங்களை அறைக்குள் விரட்டினார்.

அறையில் புது பெயின்ட் வாசம் அடித்தது. பொம்மைகள் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தன. எங்கள் பிள்ளைகள் பொம்மைப் பக்கம் போகவில்லை. வைத்த இடத்தில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தார். கூட உயரமாக ஒரு வெள்ளைச் சட்டை அம்மாள். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், மார்பில் கை வைத்து என்னவோ சொன்னாள். மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மேடம் சொல்றாங்க, இவ்ளோ குழந்தைங்க இருந்தும் ஒரு சத்தம் இல்ல, எவ்ளோ சமத்தா வளத்திருக்கீங்கன்னு பாராட்டறாங்க. எல்லாரும் நன்றி சொல்லுங்க."

சமத்து! என் காதில் அந்த வார்த்தை விழுந்ததும் தலைக்கு ஏறிவிட்டது.

"சமத்துமில்ல ஒண்ணுமில்ல. அழறதுக்குத் தெம்பில்ல. பசின்னு சொல்லுங்க அவங்ககிட்ட. இந்த ரூம்புல வருஷம் பூரா அட்டப்பெட்டிதான் கெடக்குதுன்னு சொல்லுங்க. எங்க பால் சாக்கடையில ஓடுதுன்னு சொல்லுங்க!"

மேனேஜர் சிரித்த முகம் மாறாமல் அந்த அம்மாளிடம் ஏதோ சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டு எனக்குத் தலையாட்டினாள். நான் நன்றி சொன்னதாகத்தான் சொல்லியிருப்பார், கட்டையில் போக.

இனி வாயை நம்பிப் பயனில்லை. குருவியைத் தூக்கினேன், நேராகப் போய் அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். அவள் ஆசையாகக் கையை நீட்டி வாங்கினாள். அந்த உயரத்துப் பிள்ளை எவ்வளவு கனக்கும் என்று அவள் உடம்புக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும்போல. அதற்குத் தகுந்த பலத்தோடு தூக்கினாள். குருவி காகிதமாக மேலே போய்விட்டாள். அந்த அம்மாள் தடுமாறிப் பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வயதைக் கேட்டாள், எனக்கே புரிந்தது. மேனேஜர் ஒரு விரலைக் காட்டினார். நான் அவர் விரலுக்குப் பக்கத்தில் என் இரண்டு விரலை நீட்டினேன்.

அந்த அம்மாள் அழுதாள். நிஜமாகவே அழுதாள், பொய் சொல்லக் கூடாது. குருவியின் தலையைத் தடவினாள். கைப்பையிலிருந்து ஒரு சாக்லெட் எடுத்துக் கொடுத்தாள். பிறகு வண்டி ஏறிப் போய்விட்டாள். அவள் கண்ணீரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? பாலில் கலக்கவா முடியும்?

மறுநாள் காலையில் பிள்ளைகளோடு வந்தால் முயல் கதவில் பூட்டுத் தொங்கியது. அதற்குள் பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு வழியில் நின்றார்.

"நேத்தோட முடிஞ்சுது. பிள்ளைங்கள வீட்டுல விட்டுட்டு வாங்க. மேனேஜர் உன்மேல எப்படிக் கொதிச்சுப் போயிருக்கார் தெரியுமா? நான்தான் கெஞ்சி வெச்சிருக்கேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றேன். உள்ளே போனோம். தொட்டில் அக்காவையும் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே போனோம். எங்கள் மிஷின்களுக்குப் பக்கத்தில் தரையில் துணி விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். மிஷினில் ஒருத்தியும் கை வைக்கவில்லை.

தையல் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடம்பு ஒரு பக்கம் தைப்பார்கள், கை ஒரு பக்கம் தைப்பார்கள். எங்களிடமிருந்து காலர் போனால்தான் அது சட்டையாகும். அதற்குப் பிறகுதான் பட்டன், இஸ்திரி, மடிப்பு, பெட்டி. காலர் நின்றால் தொழிற்சாலை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதலில் பட்டன்காரி எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தைக்கச் சட்டையும் இல்லை, தைக்க மனசும் இல்லை. பிறகு இஸ்திரிக்காரர்கள் பெட்டியை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். தொட்டில் அக்காவைப் பார்த்ததும் அவர்களில் சிலர் வெந்துபோன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். மிஷின் சத்தம் இல்லாத தொழிற்சாலையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஏற்றுமதிக்கான லாரி வாசலில் காலியாக நின்றது.

மதியம் மேனேஜர் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். போகாதே என்றார்கள். போனேன். திட்டுவார் என்று தயாராகப் போனால், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"உன் குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். நானும் பிள்ளை பெத்தவன்தாம்மா. ஒண்ணு பண்ணலாம். உன் குழந்தைய நீ இங்கயே கூட்டிட்டு வா. ஆபீஸ் பக்கத்துல ஒரு சின்ன ரூம் இருக்கு, அங்க வெச்சுக்கலாம். பால் டப்பா கம்பெனி வாங்கித் தரும். நீ நடுநடுவுல போய்க் குடுத்துட்டு வரலாம். எல்லாருக்கும்னா நடக்காது. உனக்குன்னா நான் பாத்துக்கறேன். போய் லைன ஓட்டச் சொல்லு."

சத்தியமாகச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன். என் மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குவது கண் முன்னால் வந்தது. அடுத்த மாதம் முள் ஏறுவதும், நர்சம்மா 'உச்' கொட்டாமல் இருப்பதும் தெரிந்தது. தலையை ஆட்டினால் போதும். அந்த அறையில் என்னையும் அவரையும் தவிர யாரும் இல்லை. வெளியே போய் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். நாக்கு நுனிவரை 'சரி சார்' வந்துவிட்டது.

ஆனால் என் மகள் குடிக்கிறபோது யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். அந்த வாயைப் பார்க்காமல் சுவரைப் பார்க்க எனக்கு ஒரு தடவை முடிந்தது. தினமும் முடியாது. இதைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள், எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அதோடு இந்த ஆள் கொடுக்கிற டப்பாவை இந்த ஆளே நாளைக்குப் பிடுங்கினால், அப்போது எனக்காக உட்கார லைனில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்து எனக்குச் சண்டை போட வராது.

"எம் பிள்ளைக்கு மட்டும் பசிச்சா நீங்க சொல்றது சரி சார். இங்க எல்லாத்துக்கும் பசிக்குது. முயல் போட்ட ரூம தெறங்க. பெட்டிய வெளிய போடுங்க. பிள்ள பாக்கறதுக்குத் தொட்டில் அக்காவுக்குச் சம்பளம் போடுங்க. நடுவுல பால் குடுக்க எங்கள விடுங்க. பெரிய பிள்ளைங்களுக்கு மதியம் சோறும் முட்டையும் வேணும்."

"பால் எல்லாருக்கும் எங்கேருந்து வரும்? நான் என்ன மாடா வெச்சிருக்கேன்?"

"உங்க ஆபீஸ் டீக்கு தெனம் எவ்ளோ பால் வருதுன்னு எங்களுக்குத் தெரியாதா? ஏற்பாடு ஆகற வரைக்கும் பாலில்லாத டீ குடிங்க. உடம்புக்கு நல்லதாம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "வெளிய நூறு பேர் நிக்கறாங்க வேலைக்கு, தெரியுமா?"

"கூப்பிடுங்க சார். வரும்போது அவங்களும் பிள்ளையத் தூக்கிட்டுத்தான் வருவாங்க."

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து யாரிடமோ பேசினார், இன்னொருவரிடம் பேசினார். கடைசியில் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியைத் தூக்கி மேசைமேல் போட்டார்.

"இந்த ஷிப்மென்ட் முடியற வரைக்குந்தான்" என்றார்.

"ஷிப்மென்ட் முடியும் சார். அப்புறம் அடுத்தது வரும். அதுக்கும் காலர் நாங்கதான் தெக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன். அந்தச் சாவியை அன்றே தொட்டில் அக்காவிடம் கொடுத்துவிட்டோம். சூப்பர்வைசர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். அவள் காது கேட்காதவள்போல இருந்துவிட்டாள்.

பெட்டிகளை நாங்களே வெளியே தூக்கிப் போட்டோம். அதற்குப் பிறகு மிஷினைத் தொட்டோம், லாரியும் போயிற்று. மறுநாள் காலையில் முதல் தடவையாகப் பால் கொடுக்கிற மணி அடித்தபோது எங்களுக்கு எழுந்து போகவே கூச்சமாக இருந்தது. ஓடியே பழகிய கால் எங்களுக்கு. நடந்து போவது எப்படி என்று தெரியவில்லை. பட்டன்காரி பாயில் உட்கார்ந்து தன் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் பகலில் புட்டிச் சர்க்கரைத் தண்ணீருக்கே பழகிவிட்டவன். திணறினான், இருமினான், பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

குருவிக்குத் தொட்டில் அக்கா முட்டையும் சோறும் பிசைந்து ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் குருவி அக்காவின் விரலையும் சேர்த்துக் கடித்தாள். நான் என் மகளுக்குப் புட்டியைக் கலக்கப் போனேன்.

"அக்கா" என்று பட்டன்காரி கூப்பிட்டாள். "இவன் ஒரு பக்கத்துலயே தூங்கிடுவான்போல இருக்கு. இந்தப் பக்கம் கனமா வலிக்குது. உன் பிள்ளையக் குடு."

நான் அசையாமல் நின்றேன்.

"என்னக்கா யோசிக்கற? உன் பிள்ள பாலத்தானே என் பிள்ள இத்தன நாள் குடிச்சான்? தொட்டில் அக்கா சொன்னாங்க."

 மகளைத் தூக்கி அவள் மடியில் போட்டேன். என் மகள் தாய்ப்பால் மறந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி முட்டினாள், கோபத்தில் கத்தினாள், பிறகு கடித்தேவிட்டாள்.

"ஆ! பட்டாசு பெத்ததுன்னு காட்டுது பார்" என்று பட்டன்காரி கத்தினாள். அறையே சிரித்தது. அடுத்த நிமிடம் என் மகள் பிடித்துக்கொண்டாள். மடக் மடக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சிரிப்போடு சிரிப்பாக அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

மணி அடித்தது. சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கதவைத் தட்டினார்.

"நேரம் ஆச்சு. எல்லாரும் லைனுக்கு வாங்க."

"இங்க ஒருத்தி மடியில ரெண்டு பேர் குடிச்சிட்டிருக்காங்க சார்" என்றேன். "அவங்க முடிச்சதும் வருவோம்."

அவர் மறுபடியும் மணியை அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.